டெபியன் போட்டாயிற்று, பூட் வரிசைதான் நிலைக்க மாட்டேன் என்கிறது

வணக்கம் நண்பர்களே. விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினியில் கூடவே டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டேன். பென் டிரைவை யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த, கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேர்) முறையில்தான் பூட் செய்தேன். ஏற்கெனவே இருந்த 100 எம்பி இஎஃப்ஐ பகிர்வையே (பூட் கோப்புகள் இருக்கும் இடம்) கொடுத்தேன், ஃபார்மேட் செய்யவில்லை. நிறுவல் சுமுகமாக முடிந்தது.

சிக்கல் அப்புறம்தான். அணைத்துப் போட்டால், எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு வருவதே இல்லை, நேராக விண்டோஸ். எஃப்12 அழுத்தி டெபியனைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காகத் திறக்கிறது. உள்ளே போய், பூட் வரிசையைக் காட்டி மாற்றும் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் கட்டளையில் பார்த்தால் டெபியன் 0003 என்ற எண்ணில் இருக்கிறது. வரிசையில் 0000, அதாவது விண்டோஸ், முன்னால் நிற்கிறது. 0003-ஐ முதலில் வைத்தேன், சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. மறுபடி பூட் செய்தால் பழையபடி 0000!

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (விண்டோஸை முழுதாக அணைக்காமல் வைக்கும் வசதி) நிறுத்திப் பார்த்துவிட்டேன். கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைத்தபோது விண்டோஸ் 48 இலக்க பிட்லாக்கர் (வட்டைப் பூட்டி வைக்கும் மறையாக்கம்) மீட்புச் சாவியைக் கேட்டது. நல்லவேளை, எழுதி வைத்திருந்தேன். பிட்லாக்கரை முதலில் இடைநிறுத்தியிருக்க வேண்டும், என் தப்புதான். டெபியனின் ஷிம் (கிரப்பை ஏற்றிவிடும் சிறு பூட் கோப்பு) கையொப்பமிட்டது என்பதால் செக்யூர் பூட்டைத் திரும்ப ஆன் செய்துவிட்டேன்.

இப்போது இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, விண்டோஸில் பிசிடிஎடிட் என்ற பூட் அமைப்புக் கட்டளை மூலம் பூட் மேனேஜரின் பாதையை ஷிம் கோப்புக்குத் திருப்புவது. இன்னொன்று, வேறு பதிவு எதுவும் வேலை செய்யாதபோது ஃபர்ம்வேர் தேடும், பூட்எக்ஸ்64 கோப்பு இருக்கும் பொதுப் பாதையிலும் கிரப்பைப் போடுவது. ஆனால் விண்டோஸ் பதிவு முதலில் நிற்கும்வரை ஃபர்ம்வேர் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்குமா?

முதல் வழியைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகும் அது நிலைத்ததா? பிட்லாக்கர் மறுபடி சாவி கேட்டதா? ஒவ்வொரு முறையும் எஃப்12 அழுத்தி விரல் தேய்கிறது.