ரூப்ரீன் கிரிஸ்டல்ல இன்வெர்ட்டர் கட்டினேன், அவுட்புட் தலைகீழா மாற மாட்டேங்குது

ஆரஞ்சுப்பவுடர்:
எம்எஸ்சி ப்ராஜெக்ட்ல டிரான்சிஸ்டர் பண்ண ரூப்ரீன்ங்கிற கரிம செமிகண்டக்டரை சிங்கிள் கிரிஸ்டலா வளர்க்கிறேன். டியூப் ஃபர்னஸ்ல ஆர்கான் ஓட விட்டு பவுடரை ஆவியாக்கினா குளிர்ந்த பக்கம் ஆரஞ்சு சிவப்புல மெல்லிசு மெல்லிசா தகடு படியுது. அதுல ரொம்ப மெல்லிசானதை எடுத்து சிலிக்கான் வேஃபர் (மெல்லிய தகடு) மேல வெச்சா தானாவே ஒட்டிக்குது. சிலிக்கான் தான் கேட் (கரண்டை கட்டுப்படுத்துற முனை), மேல 300 நானோமீட்டர் ஆக்சைடு, தங்கத்துல சோர்ஸ் டிரெயின் (கரண்ட் ஓடுற ரெண்டு முனை). தனித்தனியா அளந்தா மொபிலிட்டி (சார்ஜ் எவ்வளவு சுலபமா நகருதுங்கிற அளவு) 5 cm²/Vs கிட்ட வருது, சூப்பர். இப்ப கைடு ரெண்டு டிரான்சிஸ்டரை சேர்த்து இன்வெர்ட்டர் (இன்புட் ஏறினா அவுட்புட் இறங்குற லாஜிக் சர்க்யூட்) கட்டச் சொல்றார். கட்டினா இன்புட்டை ஏத்தும்போது அவுட்புட்டும் கூடவே ஏறுது. ரெண்டுல லோடா (ரெசிஸ்டர் மாதிரி) இருக்கிறதோட கேட்டை அதோட டிரெயின்ல சேர்க்கணும்னு படிச்சேன், சேர்த்தா இன்புட்டே கிரவுண்ட் ஆயிடுது, அதனால விட்டுட்டேன். இல்ல 2000ல சயின்ஸ்ல வந்த பென்டசீன் (இன்னொரு கரிம செமிகண்டக்டர்) கிரிஸ்டல் இன்வெர்ட்டர் மாதிரி, பி-டைப் (ஹோல் ஓடுறது), என்-டைப் (எலக்ட்ரான் ஓடுறது) ரெண்டும் ஒரே கிரிஸ்டல்ல வர்ற மாதிரி பண்ணலாமா?

சால்டரிங்மணி:
ரெண்டு கிரிஸ்டலும் ஒரே வேஃபர் துண்டு மேல தானே இருக்கு? அப்ப ரெண்டுக்கும் கேட் ஒண்ணு தான் தம்பி. நீ கட்டினது இன்வெர்ட்டரே இல்ல, நீளமான ஒத்த டிரான்சிஸ்டர், நடுவுல ஒரு வயர் இழுத்திருக்க, அவ்ளோ தான். வேஃபரை டயமண்ட் பேனாவால கீறி ரெண்டா ஒடை, துண்டுக்கு ஒரு கிரிஸ்டல், ரெண்டையும் கிளாஸ் மேல ஒட்டி வெளியில வயர் போடு, அப்ப லோடோட கேட்டை டிரெயின்ல சேர்த்தாலும் இன்புட் கிரவுண்ட் ஆகாது. பின்பக்கமும் ஆக்சைடு இருக்கும், சுரண்டிட்டு சில்வர் பேஸ்ட் வை. இன்னொண்ணு, லோடும் டிரைவரும் (இன்புட் வாங்குற டிரான்சிஸ்டர்) ஒரே சைஸ்னா கெயின் (இன்புட் மாறுறதை விட அவுட்புட் எத்தனை மடங்கு மாறுது) 1 கிட்ட தான் நிக்கும், ஏன்னா கெயின் வந்து ரெண்டோட அகலம்/நீளம் விகிதத்தோட ஸ்கொயர் ரூட். டிரைவருக்கு அகலமான கிரிஸ்டல், லோடுக்கு ஒல்லியானது, சேனல் (சோர்ஸுக்கும் டிரெயினுக்கும் நடுவுல உள்ள பாதை) நீளமும் லோடுக்கு அதிகமா வை. கரண்ட் ஓடுற திசையையும் பாரு, ரூப்ரீன் கிரிஸ்டலோட பி (b) அச்சுல வர்ற மொபிலிட்டி ஏ (a) அச்சை விட மூணு மடங்குக்கு மேல, 2004லயே ரப்பர் ஸ்டாம்ப் மேல அதே கிரிஸ்டலை திருப்பித் திருப்பி ஒட்டி அளந்து காட்டிட்டாங்க.

பழையஸ்கோப்:
அந்த 2000 பேப்பரை தொடாதீங்க ப்ளீஸ். அது அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல இருந்த ஷோன்ங்கிற ஆராய்ச்சியாளரோடது, 2002ல விசாரணைக் கமிட்டி டேட்டா மோசடின்னு சொன்னதுக்கு அப்புறம் வாபஸ் வாங்கினாங்க, இன்னும் தீசிஸ்ல அதை சைட் பண்றவங்க இருக்காங்கன்னு நினைச்சா எரிச்சலா வருது. அப்புறம் அவுட்புட்டை எதுல அளக்கிறீங்க? உங்க லோடோட ரெசிஸ்டன்ஸே மெகா ஓம்ல இருக்கும், மல்டிமீட்டரும் 10 மெகா ஓம், ஸ்கோப்பை நேரா மாட்டினா வெறும் 1 மெகா ஓம். மாட்டினதும் வோல்டேஜ் படுத்துடும். டிஎல்081 மாதிரி ஜேஃபெட் ஆப்-ஆம்ப் (இன்புட்ல ரொம்ப ரொம்ப கம்மி கரண்ட் இழுக்கிற ஆம்ப்ளிஃபையர் சிப்) ஒண்ணை நடுவுல பஃபரா போட்டுட்டு அளங்க, ஆனா வேஃபர் ஆக்சைடுக்கு 40, 50 வோல்ட் குடுக்கிறீங்கன்னா அது தாங்காது, சப்ளையை குறைச்சுட்டு ஆரம்பிங்க.

ஆரஞ்சுப்பவுடர்:
இப்ப தான் புரியுது, ரொம்ப நன்றி அண்ணா. இது வேலை செஞ்சா அப்புறம் ரிங் ஆசிலேட்டர் (இன்வெர்ட்டர்களை வளையமா கோர்த்து தானா மாறி மாறி ஓடுற சர்க்யூட்) பண்ணலாமா?

சால்டரிங்மணி:
ரிங்குக்கு குறைஞ்சது மூணு இன்வெர்ட்டர், ஆறு கிரிஸ்டல், மூணு இன்வெர்ட்டரும் ஒரே மாதிரி இருக்கணும், கையால பொறுக்கி வெச்சா நடக்கிற காரியமா அது? அதுக்கு மாறா டோக்கியோல டாக்கேயாங்கிற ஆராய்ச்சியாளரோட குரூப் வேற கரிம மூலக்கூறுல, கரைசல்ல இருந்து வேஃபர் முழுக்க ஒரே கிரிஸ்டல் ஃபிலிமா இழுத்துக் காட்டினாங்க, சில மூலக்கூறு அடுக்கு தான் தடிமன், மொபிலிட்டி 10க்கு மேல. ஃபிலிம் ஒண்ணா இருந்தா லித்தோகிராஃபி (ஒளியால வடிவம் பதிக்கிற முறை) பண்ணி எத்தனை டிரான்சிஸ்டர் வேணும்னாலும் வெட்டிக்கலாம். வேகத்துக்கு மொபிலிட்டி மட்டும் பார்த்தா பத்தாது, சேனல் நீளத்தோட ஸ்கொயர்ல அடி வாங்கும், நீளத்தை குறைச்சா காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸ் (தங்கமும் கிரிஸ்டலும் சேர்ற இடத்துல வர்ற தடை) முன்னாடி வந்து நிக்கும். என்-டைப்பும் வேணும்னா பிக்யூக்யூடிஐன்னு (BQQDI) ஒரு செமிகண்டக்டரை தேடு, 2020ல அதே ஊர்ல இருந்து வந்தது, காத்துல தாங்குது. உனக்கு இப்போதைக்கு ஒரு இன்வெர்ட்டர் போதும், கெயின் 2 வந்தாலே கைடு கிட்ட தைரியமா காட்டு. கிரிஸ்டலை மட்டும் லைட்ல தொறந்து வைக்காத, ஆக்சிஜன் சேர்ந்து மேற்பரப்பு போயிடும்.