காருக்குக் கவர் போடலாமா? பொனற்றில் கொப்புளம் கிளம்பியிருக்கிறது, உடனடி உதவி தேவை

அப்பாவின் கார்:
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன், குறையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் காருக்குப் புதிதாகப் பெயின்ற் அடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வெயிலும் மழையும் படக்கூடாது என்று கவர் ஒன்றை வாங்கி அன்றைக்கே மூடிவிட்டேன். நேற்றுக் காலை கவரை எடுத்துப் பார்த்தால் பொனற்றின், அதாவது எஞ்சின் மூடியின், மேலே கடுகளவில் கொப்புளங்கள் கிளம்பியிருக்கின்றன. தடவினால் கையில் தட்டுப்படுகின்றன. அப்பா இப்போது இல்லை. அண்ணன் வருகிற மாதம் கனடாவிலிருந்து வருகிறார், அவரை இந்தக் காரில்தான் கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து கூட்டிவர வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. கவரைத் தொடர்ந்து போடுவதா, எடுத்துவிடுவதா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசி:
உங்கள் பதற்றம் விளங்குகிறது, ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துக்கொண்டு எவரும் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. கார் எந்த வகை, எந்த ஆண்டு? பெயின்ற் அடித்து எத்தனை நாளாயிற்று? எங்கே நிறுத்துகிறீர்கள், கூரையின் கீழா, திறந்த முற்றத்திலா? நிலம் மண்ணா, சீமெந்தா? கவர் துணியா, பிளாஸ்டிக்கா? கொப்புளம் பொனற்றில் மட்டுமா, காரின் கூரையிலும் இருக்கிறதா? இவற்றைச் சொன்னால்தான் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

தெஹிவளைக் கடலோரம்:
விவரம் வரும்வரை ஒன்றைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் கொழும்பில் கடற்கரைப் பக்கம் நிற்கும் எந்தக் காருக்கும் இது பொருந்தும். பிரச்சினை வெயிலுமல்ல, மழையுமல்ல, உப்பு. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வீசும்போது, கண்ணுக்குத் தெரியாத உப்புத் தூசி காரின்மேல் படிந்துகொண்டே இருக்கும். காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் ஊரில் இரவில் ஈரப்பதன் பெரும்பாலும் அதற்கு மேலேதான் நிற்கிறது. ஆகவே ஒரு துளி மழை பெய்யாத இரவிலும் கார் உப்புநீரில் நனைந்திருக்கிறது என்றே கொள்ளுங்கள். கழுவாத காரின்மேல் கவரைப் போட்டால் அந்தக் கரைசல் காய வழியில்லாமல் அங்கேயே கிடக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, முற்றாக உலர்த்திய பிறகே மூட வேண்டும். என் காரை ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் பல ஆண்டுகளாக இப்படித்தான் காப்பாற்றி வருகிறேன்.

பழைய கராஜ்:
மாதத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார், ஒருவராவது முந்தைய பதில்களை வாசித்துவிட்டு வருவதில்லை. என்ன கார் என்று சொல்லத் தோன்றாதவருக்கு என்ன கவர் என்று சொல்லி ஆகப்போவது என்ன? தம்பி, எழுபதுகளில் கராஜில் கைபழகியவன் நான். அந்தக் காலத்தில் எங்கள் வாடிக்கையாளர் எவரும் காரை மூடிவைத்ததில்லை. கூரை போட்டார்கள், அல்லது வாரத்துக்கு இரண்டு தடவை கையால் துடைத்தார்கள். பிளாஸ்டிக்கால் மூடிய கார் ஈரச்சாக்கில் கட்டிய வெங்காயம்போல உள்ளே அழுகும். கவரை எடுத்து எறியுங்கள், அவ்வளவுதான் விடயம்.

அப்பாவின் கார்:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். மொறிஸ் மைனர் 1000, 1961ஆம் ஆண்டு, சாம்பல் நிறம். வெள்ளவத்தையில் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. திறந்த முற்றம், சீமெந்து போட்டது, மேலே மாமரம். பெயின்ற் அடித்துப் பதினெட்டு நாள். கவர் வெள்ளி நிறம், உட்புறம் வழுவழுப்பாக இருக்கிறது. கூரையில் கொப்புளம் இல்லை. பொனற்றிலும் இடப்பக்க மட்காட்டின் மேற்பகுதியிலும் மட்டும்தான்.

பெயின்ற் பாஸ் மகன்:
பதினெட்டு நாள் என்பதுதான் நான் எதிர்பார்த்த சொல். தொட்டுப் பார்த்தால் காய்ந்ததுபோல் இருந்தாலும், புதிய பெயின்ற்றுக்குள் இருக்கும் தின்னர், அதாவது அதைக் கரைக்கக் கலந்த திரவம், பல நாட்களுக்கு மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். சூட்டறையில் வைத்துச் சுடாமல் வெளியில் காயவிட்ட வேலைக்குக் குறைந்தது ஒரு மாதமாவது கவரோ மெழுகோ போடக்கூடாது என்று பெயின்ற் அடிக்கும் தொழிலாளியான என் அப்பா ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் சொல்லித்தான் காரைக் கையில் கொடுப்பார். உட்புறம் வழுவழுப்பான கவர் என்றால் அது காற்றுப் புகாத வகை. பகல் வெயிலில் அதன் கீழே வெந்து கிளம்பும் ஆவி, இரவில் குளிர்ந்து நீராகிப் பெயின்ற்றின்மேலேயே இறங்கும். மென்மையாக இருக்கும் பெயின்ற் அந்த நீரை உள்ளே விடும்.

எந்தப் பெயின்ற் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பொனற்றைத் திறந்து, வெளியே தெரியாத ஒரு மூலையில், தின்னர் தொட்ட துணியால் மெல்லத் துடையுங்கள். நிறம் துணியில் இறங்கினால் பழைய முறை செலுலோஸ் பெயின்ற். இறங்காவிட்டால் கடினமாக்கி கலந்து அடிக்கும் இரண்டு பொருள் பெயின்ற். செலுலோஸ் என்றால் பிறகு தேய்த்துத் திருத்துவது எளிது.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். கவரை எடுங்கள், காரை நிழலில் காற்றோட்டமாக நிறுத்துங்கள், ஐந்தாறு நாள் பொறுத்திருங்கள். ஈரத்தால் வந்த கொப்புளம் என்றால் உலர உலரத் தணியும். எந்தக் காரணம் கொண்டும் ஊசியால் குத்திவிடாதீர்கள்.

பழைய கராஜ்:
காய்வதற்கு முன்னரே மூடியது தவறு, அதை மறுக்கவில்லை. ஆனால் அப்படியென்றால் கூரையிலும் கொப்புளம் வந்திருக்க வேண்டுமே? வெயில் அதிகம் படுவது கூரைதான், கவர் இறுக்கமாக ஒட்டிக்கிடப்பதும் அங்கேதான். பொனற்றிலும் இடப்பக்க மட்காட்டிலும் மட்டும் வந்திருக்கிறதென்றால், அந்த இரண்டு இடத்திலும் டிங்கரிங் செய்து, அதாவது தகரத்தின் நெளிவைத் தட்டி நிமிர்த்தி, குழியை நிரப்பப் பட்டி என்ற பசையை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பட்டி கடற்பஞ்சுபோல நீரை உறிஞ்சும். வோட்டர் பேப்பரால் தண்ணீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, உலரவிடாமல் மேலே அண்டர்கோட் என்ற அடிப் பெயின்ற்றை அடித்தால், அந்த நீர் உள்ளேயே அடைபட்டுவிடும். முதல் வெயிலில் வெளியே வர வழி தேடும். இதற்குக் கவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கொப்புளம் உள்ள இடத்தில் மெல்லிய துணிக்கு மேலால் சிறிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடி தளர்ந்தால் கீழே பட்டி இருக்கிறது.

தெஹிவளைக் கடலோரம்:
ஐயா, பட்டி பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி நிற்கும் காரில் உப்பைக் கணக்கில் எடுக்காமல் விட முடியாது. பெயின்ற் அடிப்பதற்கு முன்பு தகரத்தில் ஒட்டியிருந்த உப்பைக் கழுவாமல் விட்டிருந்தாலும் இதே கொப்புளம் வரும். உப்பிருக்கும் இடத்துக்குப் பெயின்ற்றின் ஊடாகவே நீர் ஊறிச் சென்று சேரும்.

பீட்டில் 1300:
நானும் கவர் போடுபவன், அதனால் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் அருமையை நாம் எல்லோரும் உணர்ந்துகொண்டோம். அப்படிப்பட்ட காரைக் காகத்துக்கும் வௌவாலுக்கும் மாமரத்துப் பாலுக்கும் திறந்துவிடச் சொல்வது பொறுப்பான ஆலோசனையா? காக எச்சத்தை ஒரு நாள் வெயிலில் விட்டாலே பெயின்ற்றில் அதன் வடிவம் பதிந்துவிடும். நான் காற்றுப் புகும் துணிக் கவர்தான் போடுகிறேன். வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, திரும்பவும் மூடிவிடுவேன். ஒரு குறையும் வந்ததில்லை.

பழைய கராஜ்:
ஐந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுவது நன்மையல்ல, தீமை. பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகும். எஞ்சின் முழுச் சூடேறாமல் நிறுத்தினால் அந்த நீர் சைலென்சருக்குள்ளும் எஞ்சின் ஒயிலுக்குள்ளும் தங்கிவிடும். அதோடு, சூடான சைலென்சரோடு திரும்பவும் கவரைப் போட்டு மூடுகிறீர்கள். ஓட்டினால் அரை மணி நேரமாவது தெருவில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பற்றரியைக் காரின் உடம்போடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றிவிட்டு அப்படியே விடுங்கள்.

பீட்டில் 1300:
அரை மணி நேரம் காலி வீதி நெரிசலில் நிற்பதைத்தான் ஓட்டுவது என்கிறீர்களா? ஞாயிறு காலை ஆறு மணிக்கு எழுந்தால் முடியும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். எர்த் என்றால் எதிர்முனை என்று நினைத்துத்தான் பலரும் கழற்றுவார்கள்.

பழைய கராஜ்:
நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மைனரில் காரின் உடம்போடு இணைக்கப்பட்டிருப்பது நேர்முனை. இடையில் எவரும் மாற்றியமைக்காவிட்டால் 1961ஆம் ஆண்டுக் காரில் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் புதிய பற்றரியை மாற்றி இணைத்து வயரைக் கருக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். கேள்வி கேட்ட தம்பி இதைக் கவனிக்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை வாசி:
எஞ்சின் பேச்சு பயனுள்ளதுதான், ஆனால் கேட்கப்பட்டது கவரைப் பற்றி. மைனர் வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தக் காருக்குச் சேசிஸ் என்ற தனியான அடிச்சட்டம் கிடையாது. அடித்தளமும் பக்கப் பெட்டிகளும் சேர்ந்துதான் முழுப் பாரத்தையும் தாங்குகின்றன. கறள் அங்கேதான், கீழிருந்துதான் தொடங்கும். கவர் மேலே இருந்து வருவதைத் தடுக்கலாம், கீழே இருந்து வருவதைத் தடுக்காது. நிலம்வரை தொங்கும் கவர் கீழ்க்காற்றை அடைத்து, மழைநீர் ஓடிய சீமெந்தின் ஈரத்தைக் காரின் வயிற்றுக்குள்ளேயே நிறுத்திவைக்கும். எலிக்கும் அது நல்ல வீடு. என் காரின் முன்விளக்கு வயரை எலி கடித்தது கவர் போட்டிருந்த காலத்தில்தான். அதனால் கூரையும் பக்கத் திறப்பும் உள்ள இடமே முதல் தெரிவு. அது கிடைக்காவிட்டால் துணிக் கவர், அதுவும் சில்லின் பாதி உயரத்தோடு நிற்கிற அளவில் இருக்க வேண்டும். காற்று அடிக்கும்போது கவர் அசைந்து தூசியோடு உரசினால் விளிம்புகளில் பெயின்ற் தேயும், ஆகவே வயிற்றுப் பக்கமாகக் கயிறு கொடுத்துக் கட்ட வேண்டும்.

பெயின்ற் பாஸ் மகன்:
இதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. பழைய கராஜ் ஐயா சொன்ன காந்தச் சோதனையையும் செய்யுங்கள். பட்டிக்கு மேல் உள்ளவை தணியாமல் நின்றுவிட்டால் அந்தப் பகுதியைத் தகரம்வரை சுரண்டி, உலர்த்தி, திரும்ப அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதைக் காரை அடித்த பாஸிடமே நேரில் காட்டிப் பேசுங்கள். என்ன முடிவானது என்பதை இங்கே எழுதினால் நன்றாக இருக்கும்.

அப்பாவின் கார்:
எல்லோருக்கும் நன்றி. நேரம் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். கவரை எடுத்து ஒன்பது நாளாகிறது. காரை நுகேகொடையில் மாமி வீட்டுப் போர்ட்டிக்கோவில் நிறுத்தியிருக்கிறோம். பொனற்றின் நடுவில் இருந்த சிறிய கொப்புளங்கள் அநேகமாக மறைந்துவிட்டன. மட்காட்டில் உள்ளவை அப்படியே நிற்கின்றன, அங்கே காந்தமும் பிடிக்கவில்லை. பெயின்ற் அடித்த பாஸ் வந்து பார்த்து, மட்காட்டை மட்டும் சுரண்டித் திரும்ப அடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். பற்றரியைப் பார்த்தேன், நேர்முனைதான் உடம்பில் இருக்கிறது. அண்ணனைக் கூட்டிவர வாடகை வான் ஒன்றைப் பேசியிருக்கிறோம். அம்மாவுக்குக் கவலைதான், ஆனால் காரை அவசரப்படுத்த வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

தெஹிவளைக் கடலோரம்:
நல்ல செய்தி. வெள்ளவத்தைக்குத் திரும்பக் கொண்டுவந்த பிறகு துணிக் கவர் போடுவீர்களா, அல்லது முற்றத்துக்குக் கூரை போடுகிறீர்களா? கூரை என்றால் தகரம் வேண்டாம், அடுத்த பருவக்காற்றுக்குள் அதுவும் கறள் பிடித்துக் காரின்மேல் சொட்டும்.