பழைய டிரான்ஸ்டூசரை வேறு ஆழமானியோடு சேர்த்த அனுபவம் (உங்களுடையதையும் எழுதுங்கள்)

எங்கள் படகு கைக்கு வந்தபோதே அடியில் ஒரு வெண்கல டிரான்ஸ்டூசர் (ஆழமானிக்காக நீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் உறுப்பு) பதித்திருந்தது. நேர்த்தியாகப் பொருத்தியிருக்கிறார்கள், இன்றுவரை ஒரு சொட்டு நீர் உள்ளே வந்ததில்லை. அதோடு இருந்த ஆழமானியின் திரைதான் மெல்ல மங்கி ஒருநாள் அணைந்துபோனது. அந்த மாதிரியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. டிரான்ஸ்டூசரையும் மாற்றுவதென்றால் படகைக் கரையேற்ற வேண்டும், நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் துளையைத் திறந்து புதிதாக அடைக்க வேண்டும். நன்றாக இருக்கும் ஒன்றைப் பிடுங்க மனம் வரவில்லை. பிறர் பயன்படுத்திய, வேறொரு கம்பெனியின் ஆழமானியை வாங்கினேன்.

இரண்டின் பிளக்கும் வேறு வேறு. பழைய பிளக்கை வெட்டிவிட்டு நிறத்துக்கு நிறம் வயரைச் சேர்த்தேன். கரையோரம் 3 மீட்டர் என்று காட்டியது. ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தேன், சரியாக இருந்தது. 12 மீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. 18-ஐத் தாண்டியதும் எண் மினுக்க ஆரம்பித்தது, 20-க்கு மேல் வெறும் கோடுகள்தான். எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைக் கூட்டினால் திரை முழுக்கப் புள்ளிகள். பழைய கருவி இதே டிரான்ஸ்டூசரை வைத்துக்கொண்டு 60 மீட்டரைச் சிரமமில்லாமல் காட்டியது!

வயர் இணைப்பைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டு முறை பிரித்துச் சேர்த்தேன், மாற்றமே இல்லை. பிறகு பழைய கருவியின் கையேட்டைத் தேடி எடுத்தபோது காரணம் தெரிந்தது. அது 192 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தது. நான் வாங்கியது 200-க்கு உரியது. 8 கிலோஹெர்ட்ஸ்தானே, இதிலா இவ்வளவு வித்தியாசம் என்று அப்போது எனக்கும் தோன்றியது.

டிரான்ஸ்டூசருக்குள் இருப்பது ஒரு பீங்கான் வில்லை. மின்துடிப்பு கொடுத்தால் அதிரும், எதிரொலி வந்து மோதினால் மின்னழுத்தம் தரும். கோயில் மணி எப்படி அடித்தாலும் தன் சுருதியில்தான் ஒலிக்கும் இல்லையா, அதுபோல் அந்த வில்லைக்கும் அதன் தடிமனும் அளவும் தீர்மானித்த ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. அந்த இடத்தில் தட்டினால் முழு பலத்தோடு அதிரும், விலகினால் பலம் சரியும். எவ்வளவு வேகமாகச் சரியும் என்பதைச் சொல்லும் எண் க்யூ. என் டிரான்ஸ்டூசருக்கு அது 25 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 192-க்குரிய வில்லையை 200-இல் இயக்கினால் வெளியே போகும் ஒலியின் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகிறது. திரும்பி வரும் எதிரொலியையும் அதே வில்லைதான் கேட்க வேண்டும், அங்கேயும் ஐந்தில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிச்சம். ஆழம் குறைந்த இடத்தில் எதிரொலி தாராளமாக வருவதால் இந்த இழப்பு கண்ணில் படவே படாது. கரையில் சோதித்துவிட்டுத் திருப்திப்பட்ட எனக்கு நடந்தது இதுதான்.

கையேடு சொன்னதோடு விடாமல் அளந்தும் பார்த்தேன். ஆழமானியைக் கழற்றிவிட்டு, வேண்டிய அதிர்வெண்ணில் மின்னலை தரும் சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்ஸ்டூசருக்குச் சில வோல்ட் கொடுத்தேன். டிரான்ஸ்டூசரின் இரு முனையிலும் ஆசிலோஸ்கோப், மின்னலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி. படகு தண்ணீரில்தான் நின்றது. வில்லை எந்தச் சூழலில் உழைக்கப் போகிறதோ அங்கேயே அளப்பது நல்லது. 170-இலிருந்து மெதுவாக ஏற்றிக்கொண்டு போனேன். 193-ஐ நெருங்கும்போது அலையின் உயரம் சட்டென்று இறங்கி, கொஞ்சம் தாண்டியதும் மறுபடி எழுந்தது. வில்லை முழு பலத்தோடு அதிரும்போது மின்னோட்டத்தை அதிகம் இழுப்பதால் வரும் அந்தப் பள்ளம்தான் அதன் சொந்த இடம். அதைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நல்லவேளையாக, வாங்கிய ஆழமானியின் அமைப்பு மெனுவில் அனுப்பும் அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தும் வசதி இருந்தது. 193-க்குக் கொண்டுவந்தேன். மறுநாள் 50 மீட்டருக்கு மேலும் எண் அசையாமல் நின்றது. எல்லாக் கருவியிலும் இந்த வசதி இருக்காது. வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. பழைய கருவி ஆழத்தைப் பாகத்தில் காட்டும்படி வைத்திருந்தோம், புதியது மீட்டரில். ஒரு பாகம் ஏறக்குறைய 1.83 மீட்டர். பழக்கதோஷத்தில் திரையில் 5 என்று பார்த்ததும் 5 பாகம் என்று நினைத்து ஒரு திட்டுக்கு மேலே போய்விட்டேன். தட்டவில்லை, ஆனால் வியர்த்துவிட்டது. அலகையும், டிரான்ஸ்டூசர் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்ற ஆஃப்செட்டையும் முதல் நாளே போட்டுவிடுங்கள்.

*

அண்ணா, இதைப் படித்ததும் ஒரு வருத்தம் திரும்ப வந்தது. நான் செய்த தவறை வேறு யாரும் செய்யக்கூடாது என்று எழுதுகிறேன்.

பீங்கான் வில்லைக்கு மல்டிமீட்டர் வைத்தால் ஓம் அளவில் ஒன்றுமே காட்டக் கூடாது, ஏனென்றால் அது ஒரு கெபாசிட்டர் மாதிரி என்று படித்திருந்தேன். என் பழைய டிரான்ஸ்டூசரில் சில ஓம்கள்தான் காட்டியது. உள்ளே நீர் புகுந்து ஷார்ட் ஆகிவிட்டது என்று முடிவு கட்டித் தூக்கி எறிந்துவிட்டேன். சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது, சில டிரான்ஸ்டூசர்களில் கேபிளுக்கும் வில்லைக்கும் நடுவே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருப்பார்கள் என்று. அப்படிப்பட்டதில் குறைந்த ஓம் காட்டுவதே இயல்பு. அருமையான பொருள் அது. இன்றைக்கும் நினைத்தால் மனசு கேட்கவில்லை.

கழற்றிய நிலையில் இருக்கும் டிரான்ஸ்டூசர் என்றால் முதலில் காதைக் கொடுங்கள். ஆழமானியோடு இணைத்துச் சில விநாடி மட்டும் ஓடவிட்டு முகப்பருகே காதை வைத்தால், பலவற்றில் டிக் டிக் என்று கேட்கும். 200 கிலோஹெர்ட்ஸ் நம் காதுக்கு எட்டாதுதான், ஆனால் துடிப்பு தொடங்கி நிற்கும் அந்தத் தட்டு கேட்கும். பெரிய திறன் கொண்ட கருவியோடு காற்றில் அதிக நேரம் ஓட்டாதீர்கள், சூடேறிவிடும்.

*

திறனைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

என் டிரான்ஸ்டூசர் 300 வாட்டுக்கு உரியது. ஆசைப்பட்டு 1 கிலோவாட் கருவியை அதோடு இணைத்தேன். அதிர்வெண் இரண்டுக்கும் ஒன்றுதான், 50-உம் 200-உம். முதல் சில பயணங்கள் பிரமாதம். அப்புறம் 200 பக்கம் வரவர எதிரொலி மெலிந்து, கடைசியில் சுத்தமாக நின்றது. வெளிப்பார்வைக்கு ஒரு கீறல்கூட இல்லை. தாங்கக்கூடியதைவிட அதிகம் கொடுத்து வில்லையைக் கெடுத்தது நான்தான்.

தலைகீழாகச் செய்வதில் ஆபத்து இல்லை. பெரிய டிரான்ஸ்டூசரோடு சிறிய கருவியைத் தாராளமாக இணைக்கலாம். கொஞ்சம் ஆழம் குறையும், அவ்வளவுதான். திறன் பாதியானால் எதிரொலியில் 3 டெசிபல்தான் போகிறது. அதிர்வெண் தவறியதால் முதல் நண்பர் இழந்தது அதைவிட எவ்வளவோ அதிகம், கணக்குப் போட்டால் 14 டெசிபல் வருகிறது.

*

வணக்கம். வயர் நிறத்தை நம்பியது பற்றி முதல் பதிவில் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள் ஐயா. உங்களுக்கு அது பலித்தது, எனக்குப் பலிக்கவில்லை. என்னுடையதில் ஆழம், வெப்பநிலை, வேகம் மூன்றும் ஒரே கேபிளில் வந்தன. ஒரு கம்பெனிக்கு வெப்பநிலை வயராக இருக்கும் நிறம் இன்னொன்றுக்கு வேறு வேலைக்கு.

பழைய பிளக்கை வெட்டும்போது ஒரு முழமாவது வயரை அதோடு விட்டு வெட்டியிருந்தேன், அதுதான் காப்பாற்றியது. எந்தப் பின்னுக்கு எந்த வயர் போகிறது என்று மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாகத் தாளில் எழுதிக்கொண்டேன். வெப்பநிலைக்கான ஜோடியைக் கண்டுபிடிப்பது எளிது. பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் தெர்மிஸ்டர்தான், உணரியைக் கையில் பொத்திச் சூடாக்கினால் ஓம் குறைந்துகொண்டே போகும். புதுக் கருவி வேறு மதிப்பை எதிர்பார்த்தால் தண்ணீர் கொதிப்பதாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

என்னை அதிகம் குழப்பியது வேறு. எல்லாம் சரியாக இணைத்தும் திரையில் அழகாக மீன் ஓடியது, படகோ கரையில் டிரெய்லர் மேல்! டிரான்ஸ்டூசரை அடையாளம் காணாததால் கருவி தானாகவே மாதிரிக் காட்சிக்குப் போயிருந்தது. மெனுவில் டிரான்ஸ்டூசர் வகையைக் கையால் தேர்ந்தெடுத்ததும் சரியானது.

*

முதல் பதிவை எழுதியவன்தான் மீண்டும். நிறம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. எனக்கு ஆழத்துக்கான இரண்டு வயரும் ஷீல்டும் (அவற்றைச் சுற்றியிருக்கும் உலோக வலை) மட்டும் இருந்ததால் தப்பித்தேன்.

இந்தப் பதிவுகளைப் படித்த பிறகு இணைப்பை மறுபடி திறந்து பார்த்தேன். ஷீல்டை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தேன். இன்ஜின் ஓடும்போது திரையில் வந்த நெடுக்குக் கோடுகளுக்கு அதுதான் காரணம் என்று தோன்றியது. இப்போது ஒவ்வொரு வயரையும் வெவ்வேறு நீளத்தில் வெட்டி, சால்டர் வைத்து, தனித்தனியாகச் சுருங்கும் குழாய் போட்டு, மேலே ஷீல்டைத் தொடர்ச்சியாகச் சுற்றிவிட்டேன். கேபிளை இன்ஜின் வயர்களோடு ஒரே கட்டில் விடாமல் படகின் மறுபக்கமாகக் கொண்டுபோனேன். கோடுகள் போய்விட்டன. பழைய பிளக்கையும் வெட்டிய துண்டையும் எந்தப் பின்னுக்கு எந்த வயர் என்ற படத்தோடு ஒரு பையில் போட்டு ஆழமானிக்குப் பின்னாலேயே கட்டி வைத்திருக்கிறேன். அடுத்து இந்தப் படகில் கை வைப்பவருக்காக 193 என்ற எண்ணையும் அதே தாளில் எழுதியிருக்கிறேன்.