தேக்கெண்டா நடுக்கால் தேவையில்லையாம்!

உளிச்சத்தம்
நேத்து இந்தத் தச்சு வேலைக் குழுவில ஒரு தம்பி கட்டில் படம் போட்டிருந்தார். அக்காட கலியாணத்துக்கு தன்ட கையால செஞ்சு குடுத்ததாம், அஞ்சடி அகலம் ஆறேகால் அடி நீளம். நல்ல விஷயம், இந்தக் காலத்தில யார் செய்யினம். ஆனா கீழ எழுதியிருந்த வசனத்த வாசிச்சதில இருந்து எனக்கு வயிறு எரியுது: "ஒரிஜினல் தேக்கு, அதனால நடுக்கால் தேவையில்ல, நடுக்கால் வைக்கிறது மொரட்டுவ கடைக்காரங்க மட்ட மரத்த சமாளிக்கிற வேலை." நடுக்கால் எண்டா கட்டிலுக்குக் கீழ நடுவில முட்டுக் குடுக்கிற கால். ஐசே, தேக்கெண்டா வளையாதா? இத வாசிச்சிட்டு இன்னும் நாலு பேர் நடுக்கால் இல்லாமச் செஞ்சு ஆருக்காவது குடுக்கப் போறாங்கள். அஞ்சடிக் கட்டிலுக்கு நடுக்கால் வேணும். என்ன மரமெண்டாலும் வேணும்.

தேக்குத்தம்பி
அந்த "ஒரு தம்பி" நான்தான், பேர சொல்லியே திட்டலாமே அண்ணே, கொட்டாஞ்சேனையில எல்லாருக்கும் தெரியும். கட்டில் நிக்குது. அக்காவும் அத்தானும் அதுலதான் படுக்கிறாங்க. அத்தானோட சித்தப்பா, அவரு நூறு கிலோவுக்கு மேல இருப்பாரு, உக்காந்து ஆடிக்கூட பாத்தாரு, ஒரு கிறீச் சத்தம் வரல. இதுக்கு மேல என்ன ப்ரூஃப் வேணும்?

உளிச்சத்தம்
சித்தப்பா உக்காந்தா நிக்கும், அது கேள்வியில்ல. ஒருத்தர் உக்காந்திட்டு எழும்பிப் போறது வேற, ரெண்டு பேர்ட பாரம் ஒவ்வொரு ராவும் அதே இடத்தில விழுறது வேற, மரம் கனகாலப் பாரத்துக்கு மெல்ல மெல்லத் தொய்யும், தொய்ஞ்சது பாரத்த எடுத்தாலும் முழுசாத் திரும்பி வராது. குறுக்குப் பலகை படுத்திருக்கிறது முக்கால் இஞ்சித் தடிப்பில. அத ஒண்டரை இஞ்சி ஆக்கினா விறைப்பு எட்டு மடங்கு. தூரத்தப் பாதியாக்கினா நடுவில வாற பாரத்துக்கு தொய்வு எட்டில ஒண்டு. மரத்த மாத்தினா? மகோகனிக்குப் பதிலா தேக்குப் போட்டா கொஞ்சூண்டு கூடும், அவ்வளவுதான். தேக்கின்ட பெருமை வேற இடத்தில: அதுக்குள்ள எண்ணெய் இருக்கு, கறையான் லேசில தொடாது, ஈரத்துக்கு வீங்கிச் சுருங்கிறது குறைவு. அதுக்கும் நடுக்காலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

நைட்டியூட்டி
ஒரு சின்னக் கேள்வி. தலைமாட்டில இருந்து கால்மாடு வரைக்கும் நடுவால நீட்டுக்கு ஒரு சட்டம் ஓடுதா? படத்தில மெத்தை மறைக்குது. அது இருந்தா ஒரு கதை, இல்லாட்டி வேற கதை.

மொரட்டுவமருமகன்
நடுக்கால் கதை இருக்கட்டும், "மட்ட மரம்" எண்டு ஆர் சொன்னது? மொரட்டுவயில என்ட மாமனார் வீட்டுப் பக்கம் முழுக்க தச்சு வேலைதான், கொழும்பில பாதி வீட்டுக் கட்டில் அங்க இருந்துதான் வந்திருக்கும். ரப்பர் மரத்தில செஞ்சா ரப்பர் மரம் எண்டு சொல்லித்தான் விக்கிறாங்க, போரான் மருந்து ஏத்திக் காயவச்ச பலகை, மருந்து ஏத்தாட்டி உளுத்து மாவாக் கொட்டும். நடுக்கால் வைக்கிறது வாங்கிறவன் மேல இருக்கிற அக்கறை தம்பி, ஏமாத்து வேலை இல்ல. நீங்க ஒரு கட்டில் செஞ்சிட்டு தச்சு பாஸ்மாருக்கு பாடம் எடுக்க வாறீங்க.

தேக்குத்தம்பி
எல்லாரையும் சொல்லல. ஆனா நான் கடை கடையா ஏறி இறங்கினவன். வெளியில வார்னிஷ் மினுங்கும், உள்ள தூக்கிப் பாத்தா குறுக்குப் பலகை காகிதம் மாதிரி, அதுக்குத்தான் நடுவுல முட்டுக்கால். என்னோடதுல ஒவ்வொரு பலகையும் தேக்கு. காலுக்கு மூணுக்கு மூணு கட்டை, தலைமாட்டுல துளை அடிச்சு நாக்கு இறக்கி பசை வச்சது, பக்கச் சட்டம் ரெண்டும் போல்ட்ல, ஏன்னா ஃப்ளாட் லிஃப்டுக்குள்ள முழுக் கட்டில் போகாது. இதெல்லாம் யாரும் கேக்கல, நடுக்கால் நடுக்கால்னு ஒரே பாட்டு.

உளிச்சத்தம்
ஏனெண்டா நடுக்கால் தான் பிரச்சினை. துளையும் நாக்கும் வடிவா இருக்கு, அத நான் குறை சொல்லேல்ல. போல்ட் என்ன போல்ட்? அக்கா வீடு மரைன் டிரைவ் பக்கம் எண்டு நீர்தானே எழுதினீர், கடற்காத்துக்கு சும்மா இரும்பு போல்ட் துருப்பிடிச்சு இறுகும், பிறகு கழட்ட ஏலாது. ஸ்டெயின்லெஸ்ஸில 316 எண்ட தரம் எடுத்திருக்கோணும், 304 தரம் கூட கடலுக்குப் பக்கத்தில காலப்போக்கில புள்ளி விழும். அது கிடக்கட்டும். நடுக்கால் வேணும்.

தெஹிவளைநானா
தேக்கு தேக்குன்னு அடிச்சிக்கிறீங்க, பலாவப் பத்தி யாருமே பேசல்லயே. எங்க வாப்பாட கட்டில் பலா, செய்யக்குள்ள மஞ்சளா ஈந்திச்சாம், இப்ப பாத்தா செம்புக் கலர், அந்தக் கலர் எந்த வார்னிஷ்லயும் வராது. பரிசு குடுக்கிறண்டா பலா குடுங்க, காலம் போகப்போக அழகாகிற மரம்.

உளிச்சத்தம்
நானா, உங்கட வாப்பாட கட்டில் எத்தின அடி? மூண்டடியா இருக்கும். பழைய கட்டில் எல்லாம் ஒராள் படுக்கிறது, மூண்டடிக்கு நடுக்கால் ஆர் கேட்டது. இஞ்ச கதைக்கிறது அஞ்சடி.

தெஹிவளைநானா
நாலடி! வாப்பாட கட்டில நான் அளக்காம பேசுவனா.

மொரட்டுவமருமகன்
பலா குடுங்க எண்டு லேசாச் சொல்லுறீங்க, 1951ம் ஆண்டுச் சட்டம் ஒண்டு இருக்கு, பலா, ஈரப்பலா, பெண் பனை மூண்டையும் வீட்டு வளவில நிண்டாலும் அனுமதி இல்லாம வெட்ட ஏலாது. மரக்காலையில வாங்கினாலும் பில்லப் பத்திரமா வச்சிருங்க. அதுதான் எல்லாரும் மகோகனிக்குப் போறது.

சும்மாபாக்கிறன்
மரத்த விடுங்க. பொம்பிளை வீட்டுக்காரர் கலியாணத்துக்குக் கட்டில் குடுக்கிறதுக்கு எங்கட ஊரில வேற பேர் இருக்கு. சீதனம். "கையால செஞ்ச அன்பளிப்பு" எண்டு பூச்சுப் பூசினா ஆச்சா? 😏

தேக்குத்தம்பி
வாய அளந்து பேசுங்க. அத்தான் வீட்டுல ஒரு கரண்டி கூட கேக்கல. நான் அக்காவுக்கு செஞ்சு குடுத்தேன், அப்பா இல்லாத வீடு, என்னால முடிஞ்சது. லீசிங்ல ஃபிரிட்ஜ் வாங்கி குடுத்திருந்தா யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீங்க.

சும்மாபாக்கிறன்
கோவம் வந்தாலே விளங்குது.

நைட்டியூட்டி
சீதனக் கதைய விடுங்கோ, அந்தப் பிள்ளை பாசத்தில செஞ்சிருக்கு. தம்பி, திரும்பக் கேக்கிறன், நடுவில நீட்டுச் சட்டம் இருக்கா? இருந்தா அது படுத்திருக்கா, செங்குத்தா நிக்குதா? அஞ்சு இஞ்சி உயரத்துக்குத் தேக்குச் சட்டம் நிமிர்ந்து நிண்டா ஆறேகால் அடிக்கு கால் இல்லாமலே தாங்கும். அப்பிடி இல்லாட்டி உளிச்சத்தம் சொல்லுறது சரி.

உளிச்சத்தம்
"உளிச்சத்தம் சொல்லுறது சரி" எண்டு தங்கச்சியே சொல்லிட்டா, எல்லாரும் வடிவா வாசியுங்கோ.

நைட்டியூட்டி
நான் அப்பிடிச் சொல்லேல்ல அண்ணா, மிச்ச வசனத்தையும் வாசியுங்கோ.

தேக்குத்தம்பி
நைட்டியூட்டி அக்கா, உளிச்சத்தம் அண்ணனுக்கு கட்டில் பிரச்சினையே இல்ல, நான்தான் பிரச்சினை. போன தடவ நான் ஸ்டூல் ஒண்ணு போட்டப்பவும் முதல் ஆளா வந்து "கால் சரிவு காணாது"ன்னு எழுதினவரு இவரு. அந்த ஸ்டூல் இன்னும் எங்க அம்மாட குசினியில இருக்கு.

உளிச்சத்தம்
கால் சரிவு காணாதுதான். இப்பவும் சொல்லுறன். அதோட நீர் என்னட்ட வாங்கிக்கொண்டு போன ரெண்டு கிளாம்ப் இன்னும் வரேல்ல, அந்தத் தலைமாட்டப் பசை வச்சு இறுக்கினது என்ட கிளாம்பிலதான், படத்தில நீலக் கைபிடி தெரியுது பாருங்கோ.

தேக்குத்தம்பி
பழைய சோனகத் தெரு ஹார்ட்வேர் கடைக்கு போனா வாங்கலாம் அந்த கிளாம்ப், ஊரெல்லாம் வச்சு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை கொண்டாந்து தர்றேன். போதுமா?

மொரட்டுவமருமகன்
கிளாம்ப் குடுத்தாலும் மொரட்டுவயப் பத்தி எழுதினத அழிக்கேல்ல. அழியுங்க முதல்ல.

உளிச்சத்தம்
கிளாம்ப் பெரிய விஷயமில்ல, நான் பொதுவாச் சொல்லுறன், இஞ்ச புதுசாச் செய்யிற பிள்ளையளுக்கு விளங்கோணும் எண்டு. வெள்ளவத்தையில ஒரு ஃப்ளாட்டுக்குப் போய் ஒரு கட்டிலத் திருத்திக் குடுத்தனான், தேக்குத்தான், நல்ல வன்னித் தேக்கு, நடுவில பள்ளம், மனுசனும் மனுசியும் ராவில நடுவுக்கு உருண்டு வருகினமாம், மெத்தைக் கடைக்காரனோட சண்டை பிடிச்சு மெத்தைய மாத்தியும் சரிவரேல்ல. நான் மெத்தையத் தூக்கிப் பாத்தா ஒண்டும் இல்ல, குறுக்குப் பலகை எல்லாம் கீழ தொய்ஞ்சு போய்க் கிடக்கு. ரெண்டுக்கு நாலு சட்டம் ஒண்டு, நடுவில ஒரு கால், ரெண்டும் மகோகனி, தேக்குக் கூட இல்ல. அண்டோட சரி. இதத்தான் சொல்லுறன். மரத்தின்ர பேரில பாரம் நிக்காது. அதுவும் பரிசு எண்டு குடுத்தா வாங்கினவை குறை சொல்ல மாட்டினம், நாரி நொந்தாலும் வாய் திறக்க மாட்டினம், தம்பி செஞ்சது எண்டு பேசாமப் படுத்திருப்பினம். அதாலதான் நடுக்கால் எண்டு கத்துறன்.

தெஹிவளைநானா
அப்ப அந்த ஃப்ளாட்ல வேலைய செஞ்சதும் சட்டம் போட்டுத்தானே? சட்டமா காலா, எதால சரியாகிச்சு?

உளிச்சத்தம்
காலால.

நைட்டியூட்டி
ரெண்டையும் ஒண்டாப் போட்டிட்டு எப்பிடி அண்ணா காலால எண்டு தெரியும்?

உளிச்சத்தம்
அனுபவம் தங்கச்சி.

தேக்குத்தம்பி
எங்க அக்காவுக்கு நாரி வலி இல்ல. காலையில போன் பண்ணி கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, உனக்கு வேற வேலை இல்லையா"ன்னு கேட்டா.

சும்மாபாக்கிறன்
உளி அண்ண சொன்ன மாதிரியே வாய் திறக்கேல்ல பாத்தீங்களா 😂

தேக்குத்தம்பி
உங்களோடலாம் பேசி பிரயோசனமில்ல. நடுக்கால் வைக்கல, வைக்கவும் மாட்டேன். தேக்கு.

உளிச்சத்தம்
ஞாயித்துக்கிழமை கிளாம்ப் வாங்க நானே வாறன், அப்பிடியே அக்கா வீட்டயும் போய் ஒரு நூல் பிடிச்சுப் பாப்பம். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் நூலக் கட்டினா எத்தின சென்ரிமீட்டர் பள்ளமெண்டு தெரிஞ்சிடும்.

தேக்குத்தம்பி
புது மாப்பிள்ளை பொண்ணு ரூமுக்குள்ள நூல் புடிக்க வாறாராம். கிளாம்ப கீழ வாட்ச்சர்ட்ட குடுத்துட்டு போறேன், அங்கயே வாங்கிக்கங்க.

உளிச்சத்தம்
பயம்.

மொரட்டுவமருமகன்
இன்னும் அழிக்கேல்ல.