உருக்காலைப் பொறியாளராக இருந்த அப்பாவின் நினைவு மலரில் அவருடைய வேலையைப் பற்றி எப்படி எழுதுவது?

கேள்வி: சூரமங்கலம் வாசகி

எங்கள் அப்பா சேலம் உருக்காலையில் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு காலமானார். முதலாண்டு நினைவு நாளன்று உறவினர்களுக்கும் அவருடன் பணியாற்றியவர்களுக்கும் கொடுப்பதற்காகச் சிறிய நினைவு மலர் ஒன்றைத் தயாரித்து வருகிறோம்.

வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதைப் பற்றி எழுத எனக்கும் தம்பிக்கும் எவ்வளவோ இருக்கிறது. இரவுப்பணி முடிந்து காலையில் வந்தால், எங்களைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகுதான் படுக்கப் போவார். பாட்டி படுத்த படுக்கையாக இருந்த காலத்தில், அவருக்குத் தலைவாரிப் பின்னல் போடுவதைக்கூடத் தாமே செய்தார். ஆனால் குளிர் உருட்டாலையில் வேலை பார்த்தார் என்பதற்கு மேல் அவருடைய பணியைப் பற்றி எங்களுக்கு எதுவும் தெரியாது. அவருடைய நாட்குறிப்புகள் முழுவதும் எண்களாகவே இருக்கின்றன. ஒரு பக்கத்தில், "188 இல்லை, 235. முந்தைய பாஸ்" என்று எழுதி இரண்டு கோடுகள் இட்டிருக்கிறார். அதற்குக் கீழேயே, "பாப்பாவுக்குக் காய்ச்சல் 101. விடியும்போது குறைந்தது" என்று இருக்கிறது.

"பாசமிகு தந்தை, நேர்மையான அதிகாரி" என்ற வழக்கமான வரிகளோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. இந்தத் துறையை அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற உருட்டாலைப் பணியாளர்

உங்கள் அப்பாவுடன் பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை, அம்மா. ஆனால் நானும் எவர்சில்வர் தகடு உருட்டும் வேலையிலேயே தலை நரைத்தவன் என்பதால், அந்த 188-க்கும் 235-க்கும் பொருள் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தகட்டைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையே அழுத்தி மெலிதாக்கும் இடம்தான் குளிர் உருட்டாலை. அதற்கான செண்ட்சிமிர் மில் என்னும் எந்திரத்தில் மொத்தம் 20 உருளைகள் இருக்கும். தகட்டை நேரடியாக அழுத்துபவை நடுவில் உள்ள இரண்டு ஒல்லியான உருளைகள் மட்டுமே. மற்றவை அவை வளைந்துவிடாமல் பின்னிருந்து தாங்குபவை. தகட்டுச் சுருள் இப்படியும் அப்படியுமாகப் பலமுறை ஓடி, ஒவ்வொரு ஓட்டத்திலும் மெலிந்துகொண்டே போகும். ஓர் ஓட்டத்தைத்தான் பாஸ் என்கிறோம். நடு உருளையில் கடுகளவு வடு விழுந்தாலும், உருளை ஒரு சுற்றுச் சுற்றும் ஒவ்வொரு முறையும் அந்த வடு தகட்டில் பதியும். 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு ஏறத்தாழ 188 மில்லிமீட்டர். ஆகவே, தகட்டில் 188 மில்லிமீட்டருக்கு ஒரு தழும்பு தெரிந்தால், இப்போது எந்திரத்தில் இருக்கும் உருளையில்தான் பழுது என்று கொள்ளலாம். தழும்பு முந்தைய பாஸிலேயே விழுந்திருந்தால், கடைசி ஓட்டத்தில் தகடு மெலிந்து நீளும்போது இடைவெளியும் சேர்ந்து நீளும். தடிமன் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் 188 என்பது 235 ஆகும். கணக்குச் சரியாகப் பொருந்துகிறது, பாருங்கள். எல்லாரும் எந்திரத்தில் இருந்த உருளையைச் சந்தேகித்தபோது, கையில் அளவுகோலுடன் தகட்டருகே நின்று, தவறு அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது என்று உங்கள் அப்பா கண்டிருக்கிறார் என்றே நான் படிக்கிறேன். அந்த இரண்டு கோடுகளை ஒரு பொறியாளர் சும்மா இடமாட்டார்.

காலப் பின்னணியையும் சில வரிகளில் சேருங்கள். 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டிய ஆலை அது. 1981-இல் குளிர் உருட்டாலையில் உற்பத்தி தொடங்கியது. அதற்கு வேண்டிய சுருள்களைச் சூடாக உருட்டித் தரும் வெப்ப உருட்டாலை வந்தது 1995-இல்தான் என்பதால், அதுவரை வெளியிலிருந்து வந்த சுருள்களை வைத்தே மெல்லிய தகடு உருட்டினார்கள். கஞ்சமலை அடிவாரத்தில் அந்தத் தொழிலை ஆரம்பத்திலிருந்து கற்று நிலைநிறுத்திய தலைமுறை உங்கள் அப்பாவுடையது. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாமல் போயிருக்கலாம், நீங்கள் சொல்லலாம்.

மறுமொழி: ஏற்காட்டிலிருந்து ஒருவர்

என் தந்தையும் பொறியாளர்தான். மலையில் மின்பாதைகளைப் பராமரிக்கும் பொறுப்பில் இருந்தார். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக நட்ட சில்வர் ஓக் மரங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்கம்பிகளின் மேல் சாயும். அந்த மாதங்களில் அவர் வீட்டில் இருந்து நாங்கள் பார்த்தது குறைவு. அவருக்கு மலர் வெளியிட்டபோது, வகித்த பதவிகளையும் ஆண்டுகளையும் ஒரு பக்கத்தில் அடக்கிவிட்டு, மீதியை அம்மா சொல்லச் சொல்ல எழுதினோம். மழையில் நனைந்து வந்தவர் முதலில் கேட்டது எங்கள் சாப்பாட்டைப் பற்றியா, தம்முடன் வந்த ஊழியர்களுக்குக் காப்பி போடுவதைப் பற்றியா என்பது அம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. ஊழியர்களைப் பற்றித்தான் கேட்டாராம். இத்தனை ஆண்டுகளில் அம்மா அதை ஒருமுறைகூடக் குறையாகச் சொன்னதில்லை. உங்கள் அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். நாட்குறிப்பில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

மறுமொழி: அச்சகத் துறையில் உள்ளவர்

இதுபோன்ற மலர்கள் பலவற்றை அச்சிட்டுக் கொடுத்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். உடன் பணியாற்றியவர்களிடம் கட்டுரை கேட்டால், "பண்பாளர், கடமை தவறாதவர்" என்று எழுதி அனுப்புவார்கள். அதற்குப் பதிலாக, "அப்பாவுடன் நீங்கள் பார்த்த ஒரு நாள் வேலையைச் சொல்லுங்கள்" என்று தொலைபேசியில் கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அதிகாரிகளிடம் மட்டுமல்லாமல், எந்திரத்தை இயக்கியவர்களிடமும் கிரேன் ஓட்டியவர்களிடமும் கேளுங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருப்பதால் இந்த மாதமே தொடங்கிவிடுங்கள். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தை, காய்ச்சல் குறிப்பை வெட்டாமல், முழுப்பக்கப் படமாகவே போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. ஐயா எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். என் திருமணச் சீருக்குப் பாத்திரம் வாங்கச் சென்ற கடையில், அப்பா ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததும், கடைக்காரர் பொறுமையிழந்ததும், அம்மா வெட்கப்பட்டதும் எங்கள் வீட்டில் பலமுறை பேசப்பட்டவைதான். அவர் எதைத் தேடினார் என்பது இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது. அந்தத் தட்டுகளில்தான் என் பிள்ளைகள் இன்றும் சாப்பிடுகிறார்கள். 188, 235 கணக்கை அவர்களுக்கும் விளங்கும்படி ஒரு படத்துடன் சேர்க்க முடிவு செய்திருக்கிறோம். அப்பாவுடன் ஒரே ஷிஃப்டில் இருந்த மூவரின் எண்களைத் தம்பி கண்டுபிடித்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்க்கிறோம். உருளையைப் பற்றிய பகுதியை எழுதி முடித்ததும் இங்கே பதிவிடுகிறேன். தொழில்நுட்பப் பிழை இருந்தால் ஐயா திருத்தித் தர வேண்டும்.