"கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி" என்று ஒரு வரியில் பதில் சொன்னால் போதாதா?

எழுத்தாணி (கேள்வி)

வலைப்பக்கத்திலிருந்து உரையை எடுத்து ஆவணத்தில் ஒட்டினால் எழுத்துரு, நிறம், பின்புலம் எல்லாம் கூடவே வந்துவிடுகிறது, வெறும் எழுத்து மட்டும் வர என்ன வழி என்று ஒருவர் கேட்டிருந்தார். "கண்ட்ரோல்+ஷிஃப்ட்+வி அழுத்துங்கள்" என்று எழுதினேன். அவருக்கு ஏதோ பெட்டி திறக்கிறதாம். இன்னொருவருக்கு ஒன்றுமே நடக்கவில்லையாம். மூன்றாமவர் "சோதித்துப் பார்க்காமல் எழுதாதீர்கள்" என்று கடிந்துகொண்டார். என் கணினியில் சரியாகத்தான் வேலை செய்கிறது. எங்கே தப்பு? ஷார்ட்கட் சொல்லும்போது குறைந்தபட்சம் என்னவெல்லாம் சேர்த்து எழுத வேண்டும்?

மூணாவது டேப்

மூன்று பேர் சொல்வதும் உண்மைதான். அந்த விசை நிரலுக்கு நிரல் மாறும்.

குரோம், ஃபயர்ஃபாக்ஸ், கூகுள் டாக்ஸில் அது வெறும் எழுத்தை ஒட்டும். வேர்டு போன்ற இலவச நிரலான லிபர்ஆபிஸ் ரைட்டரில், எந்த வடிவில் ஒட்டுவது என்று கேட்கும் "பேஸ்ட் ஸ்பெஷல்" பெட்டியைத் திறக்கும். நேரடியாக ஒட்ட கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி. வேர்டின் புதிய பதிப்புகளில் நீங்கள் சொன்னபடியே நடக்கும். பழைய வேர்டிலோ அது வடிவமைப்பை மட்டும் ஒட்டும் விசை. கண்ட்ரோல்+ஷிஃப்ட்+சி மூலம் வடிவமைப்பை முன்னரே எடுத்து வைத்திருக்காவிட்டால் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. "ஒன்றுமே நடக்கவில்லை" என்றவர் பெரும்பாலும் இந்த ரகம். மேக்கில் பல நிரல்களில் ஆப்ஷன்+ஷிஃப்ட்+கமாண்ட்+வி.

இடைமுக மொழி மாறினாலும் இதே கதைதான். ஸ்பானிய மொழி வேர்டில் கண்ட்ரோல்+என் புதிய ஆவணத்தைத் திறக்காது, எழுத்தைத் தடிப்பாக்கும், சேமிக்க கண்ட்ரோல்+ஜி.

ஆகவே நிரல், இயங்குதளம் இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். பதிப்பு தெரியாவிட்டால் கேட்டுவிட்டுச் சொல்வதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியம், அழுத்தினால் திரையில் என்ன தெரியும் என்று ஒரு வரி. அது இருந்தால், வேறு ஏதாவது நடந்ததும் கேட்டவரே நிறுத்திக்கொள்வார்.

பழைய மவுஸ்

தமிழில் எழுதுகிறவர்களுக்கு மட்டுமே வரும் சிக்கல் ஒன்றை விட்டுவிட்டீர்கள். "கண்ட்ரோல்+பி" என்றால் எது? தடிப்பாக்குவதா, அச்சிடுவதா? இரண்டு எழுத்தையும் தமிழில் "பி" என்றுதான் எழுதுகிறோம். "டி"யும் அப்படியே: உலாவியில் ஒரு டி புதிய டேப் திறக்கும், இன்னொரு டி புக்மார்க் போடும். அதனால் "அச்சிடும் பி (பிரின்ட்)", "புதிய டேப்புக்கான டி" என்று செயலையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

அடுத்தது கூட்டல் குறி. அது "சேர்த்துப் பிடி" என்று சொல்கிறது. ஒன்றன்பின் ஒன்றாக அழுத்துவதற்கு அதைப் போடக் கூடாது. வேர்டில் பழைய பதிப்பிலும் செல்லுபடியாகும் வழி ஒன்று உண்டு: கண்ட்ரோல்+வி அழுத்தி ஒட்டுங்கள், விரல்களை முழுவதும் எடுங்கள், கண்ட்ரோலை மட்டும் ஒருமுறை தட்டுங்கள், சிறு பட்டியல் விரியும், டெக்ஸ்ட் என்பதன் முதல் எழுத்தான டி-யைத் தட்டுங்கள். இதையே சுருக்கி "கண்ட்ரோல்+டி" என்று எழுதினால் பத்தியின் முதல் வரி நின்ற இடத்தில் நிற்க, மற்ற வரிகள் உள்ளே தள்ளிப் போகும். படிப்பவர் இன்னொரு டி-யை அழுத்தினாலோ எழுத்துரு பெட்டி திறக்கும். ஒரு காற்புள்ளியும் "பிறகு" என்ற சொல்லும் இருந்தால் இத்தனை குழப்பமும் இல்லை.

செய்ததைத் திரும்பப் பெறும் கண்ட்ரோல்+இசட்டைச் சொல்லும்போது "கேப்பிடல் இசட்" என்றும் எழுதாதீர்கள். புதியவர் ஷிஃப்டையும் சேர்த்துப் பிடிப்பார். பல நிரல்களில் அது செயல்நீக்கத்தையே நீக்கிவிடும்.

முனையம்

திரும்பப் பெற முடியாதவற்றுக்கு எச்சரிக்கையை விசைக்கு *முன்னால்* எழுதுங்கள், பின்னால் அல்ல. படிக்கும்போதே அழுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஷிஃப்ட்+டெலிட் நல்ல எடுத்துக்காட்டு. உரைப்பெட்டியில் அது வெறும் கட். விண்டோஸ் கோப்புப் பட்டியலில் அதே விசை கோப்பை ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாமலே அழிக்கும். கண்ட்ரோல்+இசட் அடித்தாலும் திரும்பாது.

லினக்ஸில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் நகலெடுக்க கண்ட்ரோல்+சி என்று யாராவது சொன்னால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை நின்றுபோகும். ஷிஃப்டையும் சேர்க்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் உலாவியிலும் ஷிஃப்டைச் சேர்த்தால் டெவலப்பர் பலகை திறந்துகொள்ளும். சேமிக்கும் நினைப்பில் டெர்மினலில் கண்ட்ரோல்+எஸ் அழுத்தியவர்கள் "உறைந்துவிட்டது" என்று வருவார்கள். வெளியீடு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கண்ட்ரோல்+க்யூ அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். இதற்குப் போய் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லும் பதில்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

கடிந்துகொண்டவரைப் பற்றி: "லிபர்ஆபிஸில் இது வேறு, நான்கு விசை" என்று அவர் எழுதியிருந்தால் அதே நீளத்தில் திருத்தமும் முடிந்திருக்கும்.

எழுத்தாணி

புரிந்தது. ஒரு துணைக்கேள்வி: தமிழ் தட்டச்சு இயங்கும்போது ஷார்ட்கட் படுத்துகிறது என்பவர்களுக்கு என்ன சொல்வது?

மூணாவது டேப்

விண்டோஸில் கண்ட்ரோல் சேர்ந்தவை பொதுவாக வேலை செய்யும். ஒற்றை எழுத்தைக் கட்டளையாக எடுக்கும் நிரல்கள்தான் தகராறு. விம் என்ற உரைத்தொகுப்பானில் தமிழ் எழுத்து போனால் கட்டளையாக எடுக்காது. விண்டோஸ் விசை+ஸ்பேஸ் மூலம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். மேக்கில் மொழி மாற்றுவது கண்ட்ரோல்+ஸ்பேஸ். நிரல் எழுத உதவும் வி.எஸ். கோடில் பரிந்துரைப் பட்டியலுக்கும் அதே விசை, ஆகவே இரண்டில் ஒன்றை அமைப்பில் மாற்றிவிடுவது நல்லது.

எழுத்தாணி

பழைய பதிலை அழிக்காமல் கீழே இதைச் சேர்க்கிறேன், சரியா?

"திருத்தம்: மேலே சொன்னது உலாவிக்கும் புதிய வேர்டுக்கும் மட்டும். லிபர்ஆபிஸ் ரைட்டரில் கண்ட்ரோல்+ஆல்ட்+ஷிஃப்ட்+வி. எந்த நிரல் என்றே தெரியாவிட்டால், நோட்பேடில் ஒட்டி, அங்கிருந்து மறுபடி நகலெடுத்து ஆவணத்தில் ஒட்டுங்கள். எழுத்து, சுற்றியுள்ள பத்தியின் எழுத்துருவிலேயே வரும். தவறாக வந்தால் கண்ட்ரோல்+இசட்."

பழைய மவுஸ்

சரி. இணைப்புகளும் தடித்த எழுத்தும் போய்விடும், அட்டவணை கலைந்து வெறும் வரிகளாக வரும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.