புதுப்பிப்பு: அம்மாவின் மூட்டு வலி மாத்திரையும் மஞ்சள் கேப்சூலும்

மூட்டு வலிக்கு ஐபுபுரூஃபன் கலந்த மாத்திரையோடு மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூல் இரண்டையும் அம்மா காலையில் வெறும் வயிற்றில் போடுகிறார், நெஞ்செரிச்சல் வருகிறது, சேர்த்துப் போடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று தருமபுரியில் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தோம்.

பையில் இருந்ததையெல்லாம் மேசையில் கொட்டச் சொன்னார். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: ஐபுபுரூஃபன் 400, பாராசிட்டமால் 325 மில்லிகிராம். எனக்குத் திக்கென்றது. காய்ச்சலடித்தபோது இதோடு தனியாக பாராசிட்டமால் 650-ம் கொடுத்திருக்கிறேன். ஒரு நாளில் எல்லா மாத்திரையிலும் உள்ள பாராசிட்டமால் சேர்த்து 4000 மில்லிகிராமைத் தாண்டவே கூடாதாம். தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து.

ஐபுபுரூஃபன் வயிற்றின் உள்சுவருக்கு இருக்கும் பாதுகாப்பைக் குறைக்கும், ரத்தம் உறைவதையும் சற்றுத் தடுக்கும். மீன் எண்ணெய், மஞ்சள் கேப்சூலுக்கும் அந்த இரண்டாவது குணம் கொஞ்சம் உண்டு; சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம். அம்மாவுக்கு பி.பி. மாத்திரையும் ஓடுவதால், சிறுநீரகத்தை நினைத்து ஐபுபுரூஃபனையே நிறுத்திவிட்டார். இப்போது பாராசிட்டமால் மட்டும், அதுவும் வலி இருந்தால்தான்.

மலம் தார் போலக் கறுத்தால் வயிற்றில் ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே வரச் சொன்னார். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதனால் அதைப் போடுகிறவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இன்று காலை களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டார், எரிச்சல் இல்லை. அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனை. முடிவு வந்ததும் எழுதுகிறேன்.